‘அன்பு வழி’யும் அவ்வழி நடக்க இயலாதவனும்

உரோமாபுரியைக் களமாகக் கொண்ட கிறித்தவ வரலாற்றுப் புனைகதை, மேலைநாட்டு நாவல் இலக்கியத்தில் ஒரு தனிக் கிளையாகும். கொடுங்கோல் மன்னன் ஒருவன், அவன் அவையில் மின்னும் செல்வம், நிலத்தடியில் மறைந்து வழிபடும் எளிய கூட்டம், அக்கூட்டத்துப் பெண்ணைக் கண்டு மனம் மாறும் படைத்தலைவன், இறுதியில் அரங்கமும் சிங்கமும். இவை அக்கிளையில் தோன்றிய நூல்களின் பொது உறுப்புகள். தமிழருட் பலர் இவற்றை ஏட்டிற் படித்ததைவிட வெண்திரையிற் கண்டதே மிகுதி. 1951இல் ‘குவோ வாடிஸ்’, 1953இல் ‘தி ரோப்’, 1959இல் ‘பென்-ஹர்’ என அடுத்தடுத்து வந்த படங்கள் உலகெங்கும் ஓடின. தேர்ப்பந்தயக் காட்சியைக் கண்டு வியந்தவர் பலர். அதற்கு மூலமான நாவலைத் தேடிப் படித்தவர் சிலரே.

இக்கிளையைச் சேர்ந்த நூல் ஒன்று தமிழில் நன்கு வேரூன்றியது. சுவீடன் நாட்டு எழுத்தாளர் பேர் லாகர்குவிஸ்ட் 1950இல் வெளியிட்ட ‘பரபாஸ்’ என்னும் சிறு நாவலைக் க. நா. சுப்ரமண்யம் ‘அன்பு வழி’ என்னும் பெயரால் தமிழாக்கினார். மூல ஆசிரியர் 1951இல் நோபல் பரிசு பெற்றவர். தமிழாக்கியவரோ ‘மதகுரு’, ‘நிலவளம்’ முதலிய மொழிபெயர்ப்புகளாலும் திறனாய்வுகளாலும் தமிழ் வாசகரின் சுவையை மாற்ற முயன்றவர். தமிழ்ச் சிறுகதையிலும் நாவலிலும் பெயர் பெற்ற எழுத்தாளர் சிலர், தம்மை உலுக்கிய நூல்களுள் ஒன்றாக இதனைக் குறிப்பிடுவர்.

ஆயினும் நூலின் தலைப்பு ஒரு வினாவை எழுப்புகிறது. கதைத் தலைவன் அன்பு வழியில் நடந்தவன் அல்லன்; நடக்க விரும்பியும் நடக்க இயலாமற் போனவன். அங்ஙனமிருக்க, அந்நூலுக்கு அப்பெயர் பொருந்துமா? இவ்வினாவை ஆராயின், அந்நாவலின் தனிச்சிறப்பும் வரலாற்று நாவலை நாம் எடைபோட வேண்டிய முறையும் ஒருங்கே விளங்கும்.

வென்றவர் பக்கம் நின்ற கதைகள்

1834இல் புல்வர் லிட்டன் எழுதிய ‘பாம்பேயின் இறுதி நாட்கள்’ இவ்வகை நாவலுக்கு வழி திறந்தது. பின்னர் 1853இல் சார்லசு கிங்சிலி ‘ஹைப்பேஷியா’ எழுதினார். பழைய திருச்சபையைக் குறைத்துக் காட்டிய அந்நூலுக்கு விடை கூறுவார்போலக் கத்தோலிக்கத் தரப்பிலிருந்து இரு நூல்கள் பிறந்தன: கர்தினால் வைஸ்மனின் ‘ஃபாபியோலா’ (1854), நியூமனின் ‘காலிஸ்தா’ (1855). எனவே இக்கிளை தழைத்ததே ஒரு சமய வாதத்தின் நடுவிலாகும். பண்டை உரோமைப் பற்றி எழுதியவர் தம் காலத்து எதிர்ப்பாளரோடு வழக்காடினர். 1880இல் அமெரிக்கப் படைத்தலைவர் லூ வாலஸ் ‘பென்-ஹர்’ நாவலையும், 1896இல் போலந்து நாட்டு சென்கேவிச் ‘குவோ வாடிஸ்’ நாவலையும் நூலாக வெளியிட்டனர். போலந்து அப்போது மூன்று பேரரசுகளால் பங்கு போடப்பட்டிருந்தது. உரோமாபுரியில் பிணைக்கைதியாய் இருந்த லிகியா என்னும் பெண்ணில் போலந்து மக்கள் தம் தாய்நாட்டையே கண்டனர்.

இந்நூல்களிற் பலவற்றுக்கு ஒரு பொதுத்தன்மை உண்டு. வாசகனுக்கு முடிவு முன்பே தெரியும். இன்று சிங்கத்தின் வாயில் விழும் சமயம், சில நூற்றாண்டுகளில் அரியணை ஏறும் என்பதை அறிந்தே அவன் ஏட்டைத் திறக்கிறான். ஆகவே கிறித்தவர் மாளும்போது அவன் அழுகிறான்; ஆயினும் அஞ்சுவதில்லை. வரலாறு அவன் பக்கம் இருக்கிறது. நீரோ எத்துணைக் கொடுமை செய்யினும், வாசகன் உள்ளத்தில் அவன் தோற்றவனே. இவ்வுறுதி கதைக்கு ஓட்டம் தருகிறது. ஆனால் ஐயத்தை அடியோடு நீக்கிவிடுகிறது. ஐயம் நீங்கிய இடத்தில் நல்லவர் நல்லவராகவே பிறந்து நல்லவராகவே மாய்வர். தீயவர் தீயவராகவே ஒழிவர்.

வரலாற்றுச் செய்தியிலும் இந்நூல்கள் வழுவியதுண்டு. ‘பென்-ஹர்’ நாவலில் தலைவன் போர்க்கப்பலில் துடுப்புத் தள்ளும் அடிமையாகிறான். படத்தில் அக்காட்சி மறக்க முடியாதது. ஆயின் அக்காலத்து உரோமப் போர்க்கப்பல்களில் துடுப்பிழுத்தோர் பெரும்பாலும் ஊதியம் பெற்ற உரிமை மக்களே என்பது வரலாற்றறிஞர் முடிவு. கைதிகளைத் துடுப்பிற் பிணைத்தது பிற்கால மத்தியதரைக் கடல் நாடுகளின் வழக்கமாகும்.

தமிழில் இக்களம்

நாவல் வருவதற்கு நெடுங்காலம் முன்பே தமிழ் இலக்கியம் உரோமர் காலத்துக் கிறித்தவக் கதைகளைத் தனக்கே உரிய முறையில் ஏற்றிருந்தது. வீரமாமுனிவர் 1726இல் முடித்த ‘தேம்பாவணி’ 3 காண்டமும் 36 படலமும் 3615 பாடலும் கொண்ட பெருங்காப்பியம். அகஸ்துவின் ஆட்சிக்கு உட்பட்ட யூதேயா நாடு அதில் மழையும் ஆறும் வயலும் சோலையும் பொலியும் தமிழ் நாடாகவே காட்சி தருகிறது. அவரே பாடிய ‘கித்தேரியம்மாள் அம்மானை’, மேலைநாட்டில் உரோமர் காலத்தில் உயிர்நீத்ததாகச் சொல்லப்படும் கன்னியொருத்தியின் கதையைப் பெண்டிரும் பாடத்தக்க எளிய யாப்பில் தந்தது.

ஈழத்துக் கடற்கரை ஊர்களில் ஆடப்பெற்ற எஸ்தாக்கியார் நாடகம் இன்னும் தெளிவான சான்று. எஸ்தாக்கியார் என்பவர், திராயான் மன்னனிடம் படைத்தலைவராய் இருந்த பிளாசிதர் எனக் கதை கூறும். வேட்டைக்குச் சென்றபோது கலைமானின் கொம்புகளுக்கிடையே சிலுவையைக் கண்டு மனம் மாறினார், செல்வம் இழந்தார், மனைவியைப் பிரிந்தார், மைந்தரையும் இழந்தார், மீண்டும் அவர்களோடு கூடினார், முடிவில் மன்னன் ஆணைக்குப் பணியாமல் குடும்பத்தோடு உயிர் துறந்தார். இக்கதையைக் கேட்ட தமிழ்ச் சிற்றூரார்க்கு அரிச்சந்திரன் நினைவுக்கு வந்திருப்பான் என்பதில் ஐயமில்லை. கொண்ட கொள்கைக்காக மனைவி மக்களை இழப்பவன் அவர்களுக்குப் பழகியவன். திராயானும் தமிழ்க் கூத்து மேடையில் வரவு விருத்தம் பாடி வரும் ஓர் அரசனானான்.

காப்பியமும் அம்மானையும் கூத்தும் செய்தது ஒன்றே. அயல்நாட்டுக் கதையைத் தமிழ் மண்ணுக்குக் கொண்டுவந்து, நமக்குத் தெரிந்த அறத்தின் உருவில் அவை நிறுத்தின. அது அருஞ்செயல். ஆனால் அங்கும் நிலைமை மேலை நாவல்களில் உள்ளதே: அடியவர் உறுதி குலையாதவர், கேட்பவர் அவர் பக்கம். இவ்விரு மரபுக்கும் புறம்பாக நிற்பது ‘அன்பு வழி’.

விடுதலை பெற்றவன்

நற்செய்தி நூல்களில் பரபாஸ் ஒரு சில வரிகளில் வந்து மறைபவன். கலகத்தில் கொலை செய்தவரோடு சிறைப்பட்டவன் என்கிறார் மாற்கு. கள்வன் என்கிறார் யோவான். பாஸ்கா விழாவில் கைதி ஒருவனை விடுவிக்கும் வழக்கத்தைக் கொண்டு, மக்கள் பரபாசைக் கேட்டு இயேசுவைச் சிலுவைக்கு அனுப்பினர். அதன்பின் அவன் என்ன ஆனான் என்று நற்செய்திகள் கூறவில்லை. அந்த வெற்றிடத்தில்தான் லாகர்குவிஸ்ட் தம் கதையை எழுப்பினார்.

கொல்கொதாவில் மற்றவர் அழ, விடுவிக்கப்பட்டவன் ஒதுங்கி நின்று, தன் இடத்தில் தொங்குபவனைப் பார்க்கிறான். தனக்காக ஒருவன் மாண்டான் என்று கிறித்தவர் ஒவ்வொருவரும் சமயப் பொருளில் கூறுவர். உலகிலேயே அதனை நேர்ப்பொருளில் கூறத்தக்கவன் பரபாஸ் ஒருவனே. ஆனால் அவனால்தான் அதை நம்ப முடியவில்லை. இம்முரணே நாவலின் அடிக்கல்.

பின்னர் அவன் எருசலேமில் அலைகிறான். உதடு பிளந்த ஏழைப் பெண்ணொருத்தி, முன்னர் அவனால் கைவிடப்பட்டவள், புதிய நம்பிக்கையை ஏற்றுக் கல்லெறிபட்டு மாள்கிறாள். அவன் அவளைக் காக்கவில்லை; முதற் கல்லை எறிந்தவனைக் கத்தியால் குத்திவிட்டு, இரவில் உடலைச் சுமந்து சென்று புதைக்கிறான். அன்பென்று பெயரிட முடியாத ஒன்றை அவன் செய்கிறான். ஆனால் காலம் கடந்து செய்கிறான். இறந்து மீண்டவன் என்று கூறப்படும் ஒருவனையும் அவன் காண்கிறான். மரணத்தில் என்ன இருந்தது என்று வினவுகிறான். ஒன்றும் இல்லை என்பதே விடை. மீண்டு வந்தவனுக்கு வாழ்விலும் சுவை இல்லை. அற்புதத்தைக் கண்ணெதிரே கண்டும் அவன் வெறுங்கையோடு திரும்புகிறான். ‘ஃபாபியோலா’ எழுதிய கர்தினாலின் கையில் இக்காட்சி எத்துணை வேறாக அமைந்திருக்கும் என எண்ணிப் பார்த்தால், இரு நூல்களின் இடைவெளி புலப்படும்.

செப்புச் சுரங்கமும் கழுத்துத் தகடும்

நாவலின் நடுப்பகுதி சைப்பிரசுத் தீவின் செப்புச் சுரங்கத்தில் நிகழ்கிறது. செம்புக்கு இலத்தீனில் வழங்கும் பெயரே அத்தீவின் பெயரிலிருந்து வந்தது. அகஸ்து மன்னன் அச்சுரங்க வருவாயிற் பாதியை ஏரோதுக்கு அளித்தான் என யூத வரலாற்றாசிரியர் ஜோசபசு எழுதுகிறார். யூதேயா நாட்டு மன்னன் செல்வத்தில் ஒரு பங்கு சைப்பிரசு நிலத்தடியிலிருந்து வந்தது. சுரங்கத்துக்கு அனுப்புதல் உரோமச் சட்டத்தில் மரணத்துக்கு அடுத்த தண்டனையாக எண்ணப்பட்டது. எனவே ‘பென்-ஹர்’ தவறிய இடத்தில் ‘பரபாஸ்’ தவறவில்லை. உரோமப் பேரரசின் உண்மையான நரகம் துடுப்பில் இல்லை, நிலத்தடியில் இருந்தது.

அங்கே பரபாஸ் ஒரே சங்கிலியில் சகாக் என்பவனோடு பிணைக்கப்படுகிறான். அடிமை ஒவ்வொருவன் கழுத்திலும் ஓர் உலோகத் தகடு. அவன் பேரரசின் உடைமை என்பதற்கு அதில் முத்திரை. சகாக்கின் தகட்டின் மறுபுறத்தில் இயேசுவின் பெயர் கீறப்பட்டிருக்கிறது. எழுத்தறியாத அவனால் அதைப் படிக்க இயலாது; ஆயினும் அதன் பொருளை அறிவான். பரபாசும் தன் தகட்டில் அவ்வாறே கீறிக்கொள்கிறான். ஒரு புறம் சீசர், மறுபுறம் இயேசு. இருவரும் ஒரே உலோகத்தில்.

பின்னர் ஆளுநர் முன் இருவரும் நிறுத்தப்படுகின்றனர். சகாக் தன் இறைவனை மறுக்கவில்லை; சிலுவையில் மாள்கிறான். பரபாஸ் தனக்கு இறைவன் இல்லை என்கிறான். அப்படியாயின் இப்பெயரை ஏன் சுமக்கிறாய் என்று வினவும்போது, நம்ப விரும்புவதனால் என்கிறான். ஆளுநர் கத்தி முனையால் அப்பெயரைக் குறுக்கே கீறி அடித்துவிடுகிறான். இரண்டாம் முறையாகப் பரபாஸ் உயிர் பிழைக்கிறான். இரண்டாம் முறையாக மற்றொருவன் சிலுவையில் தொங்குவதை மறைந்து நின்று பார்க்கிறான். முதன்முறை அவனைப் பிழைக்கச் செய்தது மக்களின் கூக்குரல். இம்முறை பிழைக்கச் செய்தது அவன் சொன்ன உண்மை. அவன் பொய் சொல்லித் தப்பவில்லை. நம்பிக்கை இல்லை என்பதும் உண்மை. நம்ப விரும்பினான் என்பதும் உண்மை. வீரச்சாவுக் கதைகள் அறிந்த மறுதலிப்பு அச்சத்தால் பிறப்பது. இங்கே நாம் காண்பது நேர்மையால் பிறக்கும் மறுதலிப்பு. இக்காட்சி ஒன்றினாலேயே இந்நூல் தன் கிளையிலுள்ள ஏனைய நூல்களினின்றும் தலைநிமிர்ந்து நிற்கிறது.

இறுதிப் பகுதி உரோமாபுரியில். கி.பி. 64இல் நகரம் எரிந்ததும், பழியை நீரோ கிறித்தவர் மீது சுமத்தியதும் தாசிதசு என்னும் வரலாற்றாசிரியர் எழுதிய செய்தி. ‘குவோ வாடிஸ்’ நூலும் இத்தீயை வருணிக்கிறது. அங்கே பழி முழுதும் நீரோவுடையது. லாகர்குவிஸ்ட் அதை ஒரு கொடிய முரணாக மாற்றுகிறார். நிலத்தடிக் கல்லறைகளில் கிறித்தவரைத் தேடிச் சென்ற கிழவன் பரபாஸ் இருளில் வழி தவறி மீள்கிறான். வெளியே நகரம் எரிகிறது. கிறித்தவர் தீ வைத்தனர் என்ற கூச்சல் கேட்கிறது. மீட்பர் வந்துவிட்டார், இவ்வுலகை அழிக்கிறார் என்று நம்பி, கொள்ளியை எடுத்து வீடு வீடாகத் தீ வைக்கிறான். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவன் முழு மனத்தோடு நம்பினான். அந்த நம்பிக்கை சீசருக்கே துணை செய்தது. சிறையில் கிறித்தவர் அவனைக் கடிந்து ஒதுக்கும்போது முதிய பேதுரு தடுக்கிறார். இவன் துயருற்றவன், இவனைத் தீர்ப்பிட நமக்கு உரிமையில்லை என்னும் பொருள்படப் பேசுகிறார். மற்றவர் இருவர் இருவராகப் பிணைக்கப்பட்டுக் கொலைக்களம் செல்ல, பரபாஸ் மட்டும் துணையின்றிச் செல்கிறான். உயிர் பிரியும்போது தன் ஆன்மாவை ஒப்படைப்பதாக அவன் கூறும் சொல், இறைவனை நோக்கியதா, சூழ்ந்த இருளை நோக்கியதா என்பதை ஆசிரியர் வாசகனிடமே விட்டுவிடுகிறார்.

தலைப்பின் பொருத்தம்

இனி, தலைப்புக்கு வருவோம். மூலத்தின் தலைப்பு ஒரு மனிதனின் பெயர் மட்டுமே. அது எதையும் தீர்ப்பதில்லை. ‘அன்பு வழி’ என்பதோ ஒரு போதனையின் பெயர். ஒருவரையொருவர் நேசியுங்கள் என்னும் கட்டளை நாவலில் திரும்பத் திரும்ப வருவது உண்மை. உதடு பிளந்த பெண்ணும் அதைத்தான் கேட்டு வந்தாள். ஆனால் பரபாசுக்கு அது விளங்காத சொல்லாகவே இறுதிவரை நிற்கிறது. வாசகன் ஏட்டைத் திறக்குமுன்பே தலைப்பு அவனுக்கு விடையைத் தந்துவிடுகிறது. மூல ஆசிரியர் திறந்து வைத்த கதவை மொழிபெயர்ப்பாளர் சாத்திவிட்டார் என்று ஒருவர் குறை கூறலாம். அக்குறையை எளிதில் தள்ளிவிட முடியாது.

மறுபுறமும் கூறுவதற்கு உண்டு. ‘பரபாஸ்’ என்று மட்டும் பெயரிட்டிருந்தால், விவிலியம் படியாத தமிழ் வாசகனுக்கு அது ஓர் அயற்பெயராகவே நின்றிருக்கும். மேலும், முதற் கிறித்தவர் தம் சமயத்தை ‘வழி’ என்றே வழங்கினர் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டும். ஆகவே வழி என்னும் சொல் இங்கே வெறும் அணியாக வந்து நிற்கவில்லை.

இவ்விரண்டினும் மேலான காரணம் ஒன்று நம் இலக்கியத்திலேயே இருக்கிறது. அன்பையும் வழியையும் ஒருசேரக் கேட்டவுடன் தமிழ் கற்றவன் நெஞ்சில் எழுவது திருக்குறளின் அன்புடைமை அதிகாரம். அதன் இறுதிக் குறள், அன்பின் நெறியில் இயங்கும் உடலையே உயிருள்ளதாகக் கொண்டு, அன்பில்லாத உடலை வெறும் கூடு என ஒதுக்குகிறது. அது ஒரு கடுமையான தீர்ப்பு. பரபாஸ் அக்குறள் கூறும் மனிதனே. கண்ணுக்குக் கீழே தழும்பு, வலிய உடல், உள்ளே வெறுமை. குறள் எந்த உடலைப் புறந்தள்ளியதோ, அந்த உடலையே லாகர்குவிஸ்ட் எருசலேம் முதல் உரோமாபுரி வரை இமை கொட்டாமல் பின்தொடர்கிறார். எலும்பும் தோலும் மட்டுமே எனத் தோன்றும் அக்கூட்டுக்குள் நம்ப விரும்பும் ஏதோ ஒன்று துடிப்பதைக் காட்டுகிறார்.

இவ்வாறு நோக்கின், ‘அன்பு வழி’ என்னும் பெயரைப் பரபாசின் மீது சூட்டிய பட்டமாகக் கொள்ள வேண்டுவதில்லை. அது அவன் எதிரே நீண்டு கிடக்கும் பாதை. அதன் ஓரமாகவே அவன் வாழ்நாள் முழுதும் நடக்கிறான். ஒருபோதும் அதில் கால் வைப்பதில்லை. தமிழ்த் தலைப்பு மூலத்தில் இல்லாத ஓர் உரையாடலை, குறளுக்கும் நாவலுக்கும் இடையே, தொடங்கி வைக்கிறது. மொழிபெயர்ப்பாளர் இதனை எண்ணிச் செய்தாரா என்பது பெரிதன்று. தமிழ் வாசகன் காதில் அது அவ்வாறு ஒலிக்கிறது. தலைப்பை விடையாகக் கொண்டால் நூல் சுருங்கும். வினாவாகக் கொண்டால் விரியும்.

குறைகள் சில

நூல் குறையற்றது என்று கூறுவதற்கில்லை. பெண்பாத்திரங்கள் நிழலுருவங்களாகவே நின்றுவிடுகின்றன. உதடு பிளந்த பெண்ணுக்குத் துன்பம் இருக்கிறது, நம்பிக்கை இருக்கிறது. நாள்தோறும் வாழும் வாழ்வு இல்லை. சகாக்கும் சான்று பகர்வதற்கென்றே படைக்கப்பட்டவன்போலத் தோன்றும் இடம் உண்டு. பரபாசைத் தவிர மற்றவர் யாவரும் ஓர் எண்ணத்தின் உருவங்கள். தமிழாக்கம் சுவீடிய மொழியிலிருந்து நேரே வந்ததன்று. ஆங்கில வழி வந்தது. எனவே மூலத்தின் ஓசை நயம் எவ்வளவு நமக்குக் கிட்டியது என்பதைத் தமிழ் நூலைக் கொண்டு மட்டும் அளந்துவிட இயலாது. கதையின் எலும்புக்கூடு வலிமையானதாகையால் இரு மொழிகளைக் கடந்தும் அது சிதையவில்லை என்று மட்டும் துணிந்து கூறலாம்.

நமக்கு இதனால் ஆவது என்ன?

சங்க நூல்கள் வழியாக நாம் அறிந்த உரோமர் வேறு. பொன்னைக் கொணர்ந்து மிளகு ஏற்றிச் சென்ற யவனர் மரக்கலங்களை அகநானூறு பேசுகிறது. பரபாஸ் விடுதலை பெற்ற காலத்து மன்னனாகிய திபேரியுசின் காசுகள் கொங்கு நாட்டில் மிகுதியாகக் கிடைத்துள்ளன. இந்திய வாணிகத்தால் ஆண்டுதோறும் 5 கோடி செஸ்டர்ஸ் நாணயம் பேரரசிலிருந்து வெளியேறுகிறது என்று பிளினி வருந்தினார். இச்செய்திகளை வகுப்பறையில் பெருமிதத்தோடு கூறுகிறோம், கூறத்தான் வேண்டும். ஆனால் அப்பொன்னும் வெள்ளியும் ஏதோ ஒரு சுரங்கத்திலிருந்துதான் வந்தன. தோண்டியவன் கழுத்தில் என்ன தொங்கியது என்பதைப் புதையற் காசு கூறாது. அதை எண்ணிப் பார்க்கச் செய்வது புனைகதையின் வேலை.

கோப்பெங்கில் இருந்து இந்நூலைப் படிப்பவருக்கு இவ்வெண்ணம் தொலைவில் இல்லை. கிந்தா பள்ளத்தாக்கு ஈயத்தால் வளர்ந்த நிலம். 1985இல் உலகச் சந்தையில் ஈயவிலை வீழ்ந்ததும் சுரங்கத் தொழில் சரிந்தது, எஞ்சியவை குட்டைகள். சுற்றியிருந்த இரப்பர்த் தோட்டங்களிற் பல உருமாறிவிட்டன. கோப்பெங்குக்கும் பத்து காஜாவுக்கும் இடையே வில்லியம் கெல்லி சுமித் கட்டத் தொடங்கி, 1926இல் அவர் மறைந்தபின் முற்றுப்பெறாமல் நின்ற மாளிகையை இன்றும் மக்கள் காணச் செல்கின்றனர். அதைக் கட்டுவித்தவர் பெயர் அதற்கே பெயராயிற்று. கல் சுமந்த தமிழர் பெயர்களை அங்கே எவரும் கேட்பதில்லை. நம் முன்னோர் உரோம அடிமைகளைப் போன்றவர் என்று கூறுவது மிகையாகும்; அவ்வாறு கூறுதல் வரலாற்றுக்கும் அவர்களுக்கும் செய்யும் தீங்கு. ஒப்பந்தக் கூலி முறை மலாயாவில் 1910இல் ஒழிக்கப்பட்டது. அதன்பின் கங்காணி முறை 1938 வரை நடந்தது. ஆயினும் விடியுமுன் பெரட்டுக்கு வரிசையில் நின்றவருக்குத் தம் உடலும் பொழுதும் பிறர் கணக்கேட்டில் இருப்பதன் பொருள் தெரியும்.

பரபாஸ் கதையில் நமக்கு மிக அணுக்கமானது அடிமைத்தனத்தைவிடப் பிழைத்திருத்தலே. 1942-43இல் சப்பானியர் சயாமிய இரயில் பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து தமிழரைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டு சென்றனர். பலர் மீளவில்லை, சிலர் மீண்டனர். அவ்வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ முதலிய நாவல்கள் மலேசியத் தமிழில் தோன்றின. மாண்டோரைப் பாடுதற்கு நம் மரபில் நடுகல் முதல் கையறுநிலை வரை வழி உண்டு. மாண்டவனுக்கு அருகில் நின்றிருந்து மீண்டு வந்தவனைப் பாடுதற்குத் துறை இல்லை. தன் இடத்தில் இன்னொருவன் போனான் என்னும் நினைவோடு நாற்பது ஆண்டு பால் மரம் சீவிய கிழவனிடம் வீரமும் இல்லை, துரோகமும் இல்லை. அவனை எழுத வேண்டுமாயின், வென்றவர் பக்கமோ தியாகியர் பக்கமோ நின்று எழுத முடியாது. லாகர்குவிஸ்ட் நின்ற இடத்தில் நிற்க வேண்டும்.

தமிழ் வரலாற்று நாவல் பெரும்பாலும் அரசரையும் போரையும் நம்பியே வாழ்ந்தது. அதனால் வாசகர் பெருகினர். அந்நன்மையை மறுத்தல் கூடாது. ஆனால் வரலாறு என்பது வெற்றியின் நினைவு மட்டுமே எனப் பழகிய மாணவனுக்குத் தன் பாட்டன் கதை வரலாறாகத் தோன்றாது. தோட்டம் மறைந்து, லயம் மறைந்து, சொல்லத் தெரிந்தவரும் குறைந்துவரும் இக்காலத்தில் அது பெரிய இழப்பாகும். எனவே தமிழாசிரியர்கள் உயர்நிலை மாணவர்க்கு ‘அன்பு வழி’யை எடுத்துக்காட்டுதல் நன்று. அதனைச் சமய நூலாகக் காட்ட வேண்டுவதில்லை. சமயத்தை மறுக்கும் நூலாகவும் காட்ட வேண்டுவதில்லை. ஆளுநர் முன் நின்ற இருவரில் உண்மை பேசியவர் யார் என்னும் வினாவை மட்டும் வகுப்பில் எழுப்புக. மாணவர் தமக்குள் மாறுபடுவர். அம்மாறுபாட்டை ஆசிரியர் விரைந்து தீர்த்துவைக்காமல் இருப்பாராயின், நல்ல நாவலைப் படிக்கும் முறையை அவர்கள் அன்றே கற்கத் தொடங்கிவிடுவர்.